மூன்றாம் ஓலை

நாற்பது வயதில் கல்யாணம் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பரிபூரணம் முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் கோன் வைண்டிங் என்கிற நூல் சுற்றும் பிரிவில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்தவள். மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவளுக்கு ஒரு தொண்டை வாய்த்திருந்தது. அடுத்த வீட்டில் உப்புக் கேட்டால் தெருக்கோடி வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள். இரண்டு தம்பிகளை ஆளாக்கி, படுக்கையில் கிடந்த தாயைக் கடைசிவரை பார்த்து அடக்கம் செய்த பிறகுதான், தனக்கும் ஒரு வாழ்க்கை மிச்சமிருப்பது அவள் கண்ணில் பட்டது.

மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர் வில்சன். பம்ப்செட் மெக்கானிக். கூமாப்பட்டி, சுந்தரபாண்டியம் என்று தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவர். முதல் மனைவி இறந்து வருஷம் பல ஆகிவிட்டது. தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, மோட்டாரைத் தவிர வேறு எந்த விஷயத்திலும் அவருக்குச் சொந்த முடிவு என்று ஒன்று கிடையாது. அதையெல்லாம் அவருடைய அக்கா தங்கபாய் எடுத்துக் கொடுத்துவிடுவாள். தங்கபாய்க்கு இந்த மில்காரியைக் கட்டோடு பிடிக்கவில்லை.

சபையில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில், சபை முழுக்கக் கேட்க வாசிப்பார்கள். மாப்பிள்ளை ஊரிலும் வாசிக்க வேண்டும், பெண் ஊரிலும் வாசிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் தாலி ஏறாது. பரிபூரணத்துக்கு இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்திருந்தது. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு, திங்கள் காலை கல்யாணம். புதன்கிழமை சாம்பல் புதன். லெந்து என்கிற நோன்புக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் கழிகிற வரைக்கும் கோயிலில் கல்யாணப் பேச்சே கிடையாது. அத்தனை நாள் தங்கபாயின் வாயில் அகப்பட்டால் பம்ப்செட் மெக்கானிக் என்ன, பம்ப்செட்டே கரைந்துபோகும். இது பரிபூரணத்துக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பஸ் மேல் கல் விழுந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் தெற்கே அப்படியொரு காலம். எங்கேயோ ஒரு ஊரில் இரண்டு பேர் முறைத்துக்கொள்வார்கள், அது சாதிச் சண்டையாகிப் பத்து ஊர் தாண்டி வந்து நம் வாசலில் நிற்கும். சனிக்கிழமை காலை போலீஸ் ஜீப் மைக்கோடு தெருத்தெருவாகச் சுற்றியது. நூற்று நாற்பத்து நான்கு போட்டாயிற்று, நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது. கல்யாணத்துக்கும் சாவுத் துட்டிக்கும் ஸ்டேஷனில் அனுமதி எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்குக் கிடையாது.

மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கோயிலுக்குக் கிழக்கே கீழத்தெரு, மேற்கே மேலத்தெரு. இரண்டு தெருவும் இரண்டு சாதி, சபை மட்டும் ஒன்று. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாரையும் ஒரே மாதிரிதான் நனைத்தது, ஆனால் தலை துவட்டியதும் அவரவர் தெருவுக்குப் போய்விட்டார்கள். கோயிலுக்குள்ளும் இடப்பக்கத்து பெஞ்சில் மேலத்தெரு, வலப்பக்கத்து பெஞ்சில் கீழத்தெரு. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிப்போயிற்று. இருந்தாலும் பாட்டென்று வந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு தொண்டைதான். பஸ்ஸில் மண்டை உடைந்தது மேலத்தெரு ஐயாதுரைக்கு. அவர் அதே மில்லில் ஃபிட்டர், கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள். கல்லை எறிந்தவன் எவனென்று எவருக்கும் தெரியாது. எந்தச் சாதிக்காரன் என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அது கீழத்தெருச் சாதி. அன்றைக்கு அடைத்த மேலத்தெருக் கதவுகள் திறக்கவில்லை.

கீழத்தெருக்காரியான பரிபூரணம் உபதேசியார் ஏசுவடியானைத் தேடிப் போனாள். சுற்றுவட்டச் சபைகளுக்கெல்லாம் பாதிரியாரான சேகரத்து ஐயர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்ததால், இங்கே வாராவாரம் ஆராதனை நடத்துவதும் ஓலை வாசிப்பதும் உபதேசியார்தான். மெலிந்த மனுஷர், இழுப்பு நோயால் குரலும் மெலிந்துவிட்டது. ஆனால் சபை ஒழுங்கு என்று வந்தால் ஒரு நூல் பிசகமாட்டார்.

"சபை கூடாம வாசிச்சா அது ஓலை இல்ல தாயி. செவத்துக்கிட்டச் சொன்ன கணக்கு."

"கீழத்தெரு ஆளுகள மட்டும் நாலு நாலு பேரா வரச் சொல்லட்டா?"

"மேலத்தெரு கேக்காத ஓலைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? பாதிச் சபைன்னு ஒண்ணு கிடையாதும்மா. இருந்தா முழுச் சபை, இல்லன்னா ஒண்ணுமில்ல."

சாயங்காலம் வில்சன் பால் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து அவள் வீட்டுக் கொல்லை வாசலில் நின்றார். அவர்கள் ஊரில் ஆராதனைக்குத் தடையில்லை, அங்கே ஓலை வாசித்துவிடுவார்கள். சிக்கலெல்லாம் இங்கேதான். சட்டையெல்லாம் பால் வாடை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அக்கா சொல்லுதா... ஈஸ்டருக்குப் பொறவு வச்சுக்கிடலாமாம்."

"அக்கா சொல்லுறது கெடக்கட்டும். நீங்க என்ன சொல்லுதீய?"

வில்சன் பழத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரிதான் பரிபூரணம்" என்றார். நாளைக்குத் தங்கபாய் சொன்னாலும் இதே சரிதான் வரும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. இந்த மனுஷர் வேண்டும் அவளுக்கு. ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் அப்படித்தான் இருந்தது.

"திங்கக்கெழம காலைல வேட்டி சட்டையோட வந்து நில்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவைத்தாள். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

ஞாயிறு விடிந்ததும் கோயில் மணி அடித்தது.

ஏசுவடியான் வேண்டுமென்று அடிக்கவில்லை. முப்பது வருஷமாக ஞாயிறு விடிந்தால் கயிற்றைப் பிடித்த கை. மனசு விழிப்பதற்கு முன்னால் கை போய் இழுத்துவிட்டது. இழுத்த பிறகுதான் நூற்று நாற்பத்து நான்கு ஞாபகம் வந்தது. பாதியில் விட்டால் துட்டி மணி என்று நினைத்து ஊரே பதறுமே என்று பயந்து முழுசாக அடித்து முடித்தார். முதல் மணியை அடித்தபின் இரண்டாம் மணியை அடிக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது, அதையும் அடித்தார்.

சபை ஜனங்களும் லேசுப்பட்டவர்களா என்ன. முதல் மணிக்குக் குளித்து வெள்ளை உடுத்துவதும், இரண்டாம் மணிக்குப் பைபிள் பையோடு வாசல் இறங்குவதும் அவர்களுக்குக் கொட்டாவி மாதிரி, தானாக வருவது. கீழத்தெரு முழுக்க வெள்ளை வெளேரென்று தெருவில் இறங்கி நின்றபோதுதான் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். மேலத்தெருவில் மட்டும் ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு இறங்கினார். "யாருவே மணி அடிச்சது?"

"நாந்தான் ஐயா. வேணும்னு அடிக்கல, கை போயிருச்சு" என்றார் ஏசுவடியான்.

"கை போயிருச்சா! மைக்கு வச்சுத் தொண்டை கிழியக் கத்திட்டுப் போனோம்லா? எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

எல்லாரும் திரும்பினார்கள். பரிபூரணம் மட்டும் திரும்பவில்லை. தெருவில் நின்ற வெள்ளைச் சேலைகளையும் வாசற்படிகளையும் பார்த்தாள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்த மாத்திரத்தில் வாயிலும் வந்துவிட்டது, அவள் வாய் அப்படி.

"போறோம் சார். அவுக அவுக வீட்டு வாசப்படியில நின்னு ஜெபம் பண்ணக் கூடாதுன்னு அந்த மைக்குல சொல்லலியே?"

"வாசப்படியிலயா?"

"உபதேசியார் கோயில் படியில தனியா நிப்பாரு. நாங்க எங்க படியில நிப்போம். வீட்டுக்கு வீடு நடுவுல செவரு இருக்கு. இது எப்படிக் கூட்டமாகும்?"

ஆவுடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வீட்டிலும் இப்படி வாதாடுகிற பெண் ஒருத்தி இருந்திருக்க வேண்டும், சண்டையில் தோற்ற களை முகத்தில் முன்கூட்டியே தெரிந்தது. "ஒரு மணி நேரந்தான். படிய விட்டு எவன் ரோட்டுல கால வச்சாலும் ஜீப்புல ஏத்திருவேன்."

அப்படித்தான் அன்றைய ஆராதனை ஆரம்பித்தது. கோயில் படியில் வெள்ளை அங்கியோடு உபதேசியார். கீழத்தெருவில் படிக்குப் படி ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும். ஏசுவடியான் வாயைத் திறந்தார். தெருமுனையிலிருந்தே "கேக்கல!" என்று குரல் வந்தது. தெரு நடுவில் இருந்தது பரிபூரணத்தின் வீடு. அவர் சொன்னதைக் காதைத் தீட்டி வாங்கி அவள் திருப்பிச் சொன்னாள். கடைசி வீடு வரைக்கும் கணீரென்று போய்ச் சேர்ந்தது. இருபது வருஷம் மில்லில் கத்தியதற்குக் கூலி இன்றைக்குத்தான் கிடைத்தது என்று அவளுக்குத் தோன்றியது.

சங்கீதம் வந்தது. அந்தச் சபையில் சங்கீதத்தை மாறி மாறிப் பாடுவது வழக்கம். ஒரு வசனம் வலப்பக்கத்து பெஞ்சு, அடுத்த வசனம் இடப்பக்கத்து பெஞ்சு. கீழத்தெரு தன் வசனத்தைப் பாடியது. பாடிவிட்டு, பழக்கதோஷம், அடுத்த வசனத்துக்காக நிறுத்தியது. மேலத்தெருவிலிருந்து சத்தமில்லை. அந்த வசனத்தையும் தானே எடுத்துப் பாட யாருக்கும் மனசு வரவில்லை, அது அவர்களுடையது. அதைப் பாடுகிற நேரம் அளவுக்குச் சும்மா நின்றுவிட்டு, மூன்றாவது வசனத்தைப் பாடினார்கள். மறுபடியும் நிறுத்தினார்கள்.

பாடிப் பழகியவர்களுக்குத் தெரியும், பாதியில் தொங்குகிற பாட்டைப்போல உயிரை எடுக்கிற வஸ்து வேறில்லை. நான்காவது வசனத்துக்காகக் கீழத்தெரு காத்து நின்றபோது, மேற்கே அடைத்த கதவு ஒன்றின் பின்னாலிருந்து ஒற்றைப் பெண்குரல் புறப்பட்டது. பரிபூரணத்துக்கு உடல் சிலிர்த்துவிட்டது. ஐயாதுரையின் மனைவி அழகுத்தாயின் குரல் அது. பாடல் குழுவில் இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பாடிய குரலை அடையாளம் தெரியாதா? ஆறாவது வசனத்துக்கு நான்கைந்து குரல் சேர்ந்தது. எட்டாவதுக்கு ஜன்னல்கள் திறந்தன. சங்கீதம் முடிவதற்குள் மேலத்தெருப் படிகளிலும் வெள்ளைச் சேலைகள் வந்து நின்றுவிட்டன. ஐயாதுரை தலைக் கட்டோடு தன் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாய் மட்டும் பாடவில்லை.

முழுச் சபையும் வந்துவிட்டதைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, ஏசுவடியான் ஓலையை விரித்தார்.

தன் ஓலையைத் தானே கூவ வேண்டிவரும் என்பதை அதுவரை பரிபூரணம் யோசித்திருக்கவில்லை. நிறுத்தவா முடியும்? "ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபையைச் சேர்ந்த வில்சன், தாரமிழந்தவர்!" என்று கூவினாள். "இந்தச் சபையைச் சேர்ந்த ஞானமுத்து குமாரத்தி பரிபூரணம், கன்னிகை!" என்று அதையும் கூவினாள். இரண்டு தெருவிலும் கிளுக்கென்று சிரிப்பு. கான்ஸ்டபிள்கூடச் சிரித்தார். காது வரைக்கும் சிவந்துபோய் அவள் கடைசி வரியைச் சொன்னாள். "இவர்கள் விவாகத்துக்கு உங்களில் யாருக்காகிலும் தடை தெரிந்திருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும். இது மூன்றாம் ஓலை!"

"எனக்குத் தடை இருக்கு" என்றார் ஐயாதுரை.

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

"என்ன தடை ஐயாதுரை?" என்று ஏசுவடியான் ஓலையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

ஐயாதுரை உரக்கச் சொன்னார், அவரும் மில் தொண்டைக்காரர்தான். "வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் இவ கீழத்தெருவுல வீடு வீடாப் போயிக் கல்யாணத்துக்குச் சொன்னா. மறுநாள் மேலத்தெருவுக்கு வந்திருக்கணும். வரல. மண்டை ஒடஞ்சு கெடக்கேன், என்ன ஏதுன்னுகூட எட்டிப் பாக்கல. என் வீட்டுப் படிய மிதிக்க மாட்டாதவளுக்கு, நான் இருக்குற சபையில என்னத்துக்கு ஓலை?"

ஏசுவடியான் தொண்டையைக் கனைத்தார். விஷயம் ஒழுங்குக்குள் வந்துவிட்டதால் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "அது தடையில சேராது ஐயாதுரை. கூடாத உறவுமுறையா இருக்கணும், இல்ல முந்தின கல்யாணம் உயிரோட இருக்கணும். இது மனத்தாங்கல். சபை கேட்டாச்சு, ஓலை செல்லும். பரிபூரணம், ஆமென் சொல்லும்மா. மேல போவோம்."

ஒரே ஒரு ஆமென். சொல்லிவிட்டால் நாளைக்குக் காலை கல்யாணம். தங்கபாயும் ஒன்றும் செய்ய முடியாது. பரிபூரணம் வாயைத் திறந்தாள், அது வரவில்லை. சனிக்கிழமை அவள் மேலத்தெருவுக்குப் போகாமலில்லை. முனைவரை போனாள். அடைத்த கதவுகளைப் பார்த்ததும் கால் கூசியது, திரும்பிவிட்டாள். வேலைக் கூட்டாளிக்கு மண்டை உடைந்திருக்கிறது, அவள் பார்த்தது சாதிக் கதவை. நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நில்லுங்க உபதேசியாரே" என்றாள். "அவிய சொல்லுறது தடைதான்."

சொல்லிவிட்டுப் படியிறங்கி ரோட்டில் நடந்தாள். கோயில் முன்னால் ஆவுடையப்பன் குறுக்கே வந்தார்.

"படிய விட்டு இறங்கக் கூடாதுன்னு சொன்னேன்லா?"

"ஒருத்தி நடந்தாக் கூட்டமா சார்? திரும்பி வரும்போது ஜீப்புல ஏத்துங்க, ஏறிக்கிடுதேன்."

அவர் மேலத்தெருவை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தனியாப் போகாதம்மா. கான்ஸ்டபிள் கூட வரட்டும்."

"போலீஸோட போயிக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டா யாரு சார் வருவா?"

ஆவுடையப்பன் வழிவிட்டார். அவள் மேலத்தெருவுக்குள் நுழைந்தாள். இருபக்கமும் தெரிந்த முகங்கள்தான், ஆனால் ஒருவரும் வா என்று சொல்லவில்லை. ஐயாதுரை வீட்டுப் படியில் ஏறி நின்றாள். கிட்டத்தில் பார்க்கும்போது தலைக்கட்டில் ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

"அண்ணாச்சி, வலிக்கா?"

"வலிக்காம?"

"நாளைக்குக் காலைல எனக்குக் கல்யாணம். நீங்களும் அக்காவும் வந்து முன்ன நின்னு நடத்தித் தரணும்."

ஐயாதுரை நிலையிலிருந்து கையை எடுத்தார். "பயந்துட்டியாட்டி?"

"ஆமா அண்ணாச்சி. பயந்துதான் வரல."

"எனக்கும் பயந்தான்" என்றார் அவர், மனைவியைக் காட்டி. "இன்னைக்கு இந்தக் கதவ இவதான் தொறந்தா. நான் தொறந்திருக்க மாட்டேன்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதை மறைக்கிற ஆளுமில்லை. அழகுத்தாய் பின்னாலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். "குடி முதல்ல. எம்புட்டு நேரமாக் கத்துத" என்றாள். பரிபூரணம் செம்பை வாயில் வைத்துக் குடித்தாள்.

"உபதேசியாரே, தடை இல்ல!" என்று ஐயாதுரை கோயிலைப் பார்த்துக் கத்தினார்.

ஏசுவடியான் ஏதோ சொன்னார். மேலத்தெருவுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. பரிபூரணம் அங்கே நின்றபடியே அதைத் திருப்பிச் சொன்னாள். "தடை நீங்கியது! மூன்றாம் ஓலை முற்றும்! அடுத்து ஸ்தோத்திரப் பாட்டு!" கிழக்கே கீழத்தெருவில் ஒரே குழப்பம். "பரிபூரணம்! என்னாச்சு? ஒண்ணும் கேக்கல!" என்று கடைசி வீடுகளிலிருந்து கூப்பாடு எழுந்தது. அவள் போக எத்தனித்தாள்.

"நீ இங்கனயே நில்லு" என்றார் ஐயாதுரை. "இவுகளுக்குச் சொல்ல ஆள் வேணும்லா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். தலைக் கட்டோடு, யாரையும் பார்க்காமல், கோயிலைத் தாண்டிக் கீழத்தெருவை நோக்கி நடந்தார். ஆவுடையப்பன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சஞ்சீவி மலையைப் பார்க்க ஆரம்பித்தார். கீழத்தெருவில் அம்மாக்கள் பிள்ளைகளைச் சேலையோடு அணைத்துக்கொண்டார்கள். ஐயாதுரை ஒவ்வொரு வாசலாகத் தாண்டி, தெரு நடுவில் பரிபூரணத்தின் வீட்டுப் படியில் ஏறித் திரும்பி நின்றார்.

"மூணாம் ஓலை வாசிச்சாச்சு, தடை ஒண்ணுமில்ல!" என்று கூவினார். "பாட்ட எடுங்க. நல்லா வாயத் தொறந்து பாடுங்க, எங்க வீட்டுக்குக் கேக்கணும்."